கார் ரேடியேட்டர் கசிகிறதா? கசிவைக் கண்டுபிடிப்பது முதல் புது ரேடியேட்டர் மாட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைகிறது என்று காரைக் கொண்டுபோனால், "ரேடியேட்டர் போச்சு, மாத்திடலாம்" என்ற பதில் சீக்கிரம் வந்துவிடுகிறது. மாற்றிய பிறகும் குறைந்தால்தான் மூடி, ஹோஸ், வாட்டர் பம்ப் என்று தேடத் தொடங்குகிறார்கள். அந்தத் தேடல் முதலிலேயே நடந்திருக்க வேண்டும். கூலன்ட் வெளியேற ஏழெட்டு இடங்கள் உண்டு. அவற்றில் பல, ஒரு மூடியோ கிளாம்ப்போ போட்டாலே தீர்ந்துவிடுபவை. எங்கே கசிகிறது, சூட்டில் கசிகிறதா ஆறிய பிறகு கசிகிறதா என்பது தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

இங்கே சொல்லப்படுவது இன்றைய சிறிய, நடுத்தரக் கார்களில் இருக்கும் ரேடியேட்டருக்கானது. நடுவில் மெல்லிய குழாய்கள் அடுக்கிய அலுமினியக் கோர், இரு முனையிலும் பிளாஸ்டிக் டேங்க், இரண்டுக்கும் இடையில் ரப்பர் கேஸ்கெட், அதை இறுக்கிப் பிடிக்க ஓரமாக மடக்கிவிட்ட அலுமினியப் பற்கள் என்பதுதான் அதன் அமைப்பு. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளின் செம்பு-பித்தளை ரேடியேட்டருக்கு வைத்தியம் வேறு. அதற்குப் பின்னால் தனிப் பகுதி இருக்கிறது.

மூடியும் அழுத்தமும்

ரேடியேட்டர் மூடியின் தலையில் 0.9, 1.1 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அந்த மூடி எத்தனை பார் அழுத்தம் வரை திறக்காமல் தாங்கும் என்பதே அந்த எண். குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட சுமார் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் கொதிநிலை இன்னும் மேலே போகும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ அடியில் உள்ள ரப்பர் வெடித்தாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடும். கூலன்ட் சீக்கிரம் கொதித்து ரிசர்வ் டேங்குக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து வழிந்து கீழே சொட்டும். பார்ப்பவர் ரேடியேட்டர் ஓட்டை என்று நினைப்பார். ரேடியேட்டர் நன்றாகவே இருக்கும்.

மூடிக்குள் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள இந்த வால்வுதான் வழிவிடுகிறது. இது அடைத்துக்கொண்டால், காலையில் பானெட்டைத் திறக்கும்போது மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். அதைப் பார்த்தால் முதலில் மூடியை மாற்றுங்கள். அதே எண் பொறித்த மூடிதான் வேண்டும். "பெரிய நம்பர் போட்டா சூடாகாது" என்று 0.9 இருந்த இடத்தில் 1.3 போடுவது, பழைய பிளாஸ்டிக் டேங்கைப் பிளக்க நாமே வழி செய்து கொடுப்பது.

சில கார்களில் ரேடியேட்டர் மேல் மூடியே இருக்காது. அழுத்தம் தாங்கும் கூலன்ட் டேங்க் தனியாக ஓரத்தில் இருக்கும், மூடி அதன்மேல் இருக்கும். மற்றவற்றில் மூடி ரேடியேட்டரில் இருக்கும், ரிசர்வ் டேங்க் வெறும் சேமிப்புக் குடுவைதான். இந்த இரண்டாவது வகையில் ரிசர்வ் டேங்கை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தால் ஏமாந்துவிடுவோம். எங்காவது சிறு கசிவு இருந்தால், ஆறும்போது ரேடியேட்டர் குடுவையிலிருந்து கூலன்ட்டை இழுக்காமல் அந்த ஓட்டை வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். குடுவை நிறைந்தே இருக்க, ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும். அதனால் வாரம் ஒருமுறை, எஞ்சின் முழுதும் ஆறிய காலை நேரத்தில், ரேடியேட்டர் மூடியையும் திறந்து கழுத்து வரை கூலன்ட் நிற்கிறதா என்று பாருங்கள்.

டெம்பரேச்சர் காட்டும் முள்ளையும் முழுதாக நம்ப முடியாது. அதன் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருக்கும்வரைதான் சரியாகச் சொல்லும். கூலன்ட் முழுக்க வடிந்து சென்சார் காற்றில் தொங்கினால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் நடுவிலேயே நிற்கக்கூடும்.

தொடங்குமுன்

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே நூறு டிகிரிக்கு மேல் சூடாகியும் அழுத்தத்தால் கொதிக்காமல் நிற்கும் திரவம், மூடி திறந்த நொடியில் ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் விடுங்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். சூடு பொறுக்கும்படியும் மெதுமெதுவென்றும் இருந்தால்தான், மூடிமேல் தடித்த துணியைப் போட்டு முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பிறகு முழுதாகத் திறக்கலாம்.

ரேடியேட்டர் ஃபேன், சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும் கார்கள் உண்டு. கை உள்ளே போகுமுன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள்.

கூலன்ட் இனிப்புச் சுவை கொண்டது, ஆனால் விஷம். தரையில் தேங்கினால் நாயும் பூனையும் நக்கும், குழந்தை கை வைக்கும். கீழே எப்போதும் அகலமான தட்டு ஒன்று இருக்கட்டும்.

கசியும் இடத்தைப் பிடிப்பது

முதலில் சொட்டுவது என்ன என்று உறுதி செய்யுங்கள். ஏசி போட்டு ஓட்டினால் முன் இருக்கைப் பக்கத்தின் அடியில் சுத்தமான தண்ணீர் சொட்டும். நிறமில்லை, வழுவழுப்பில்லை, மணமில்லை என்றால் அது ஏசி தண்ணீர், விட்டுவிடலாம். கூலன்ட்டுக்கு நிறம் இருக்கும், விரலில் தேய்த்தால் பிசுபிசுக்கும், லேசான இனிப்பு மணம் வரும்.

இரவு காரை நிறுத்தும்போது முன்பகுதிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரியுங்கள். முன் சக்கரங்களின் இடத்தை அட்டையில் குறித்துக்கொண்டால், காலையில் ஈரம் விழுந்த இடத்தை வைத்து மேலே எந்தப் பகுதி என்று ஊகிக்கலாம். ஆனால் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓடும்போது அடிக்கும் காற்று கூலன்ட்டைப் பின்னால் தள்ளும், ஃபேன் அதைச் சிதறடிக்கும்.

அடுத்தது டார்ச்சும் கண்ணும். காய்ந்துபோன கூலன்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் பூத்து நிற்கும். அந்தப் பூப்பின் உச்சியில்தான் கசிவு இருக்கும், ஆகவே மேலிருந்து கீழாகத் தேடுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள்:

- மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் மாட்டும் கழுத்துகள், கிளாம்ப்களின் அடிப்பகுதி.
- பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியக் கோரும் சேரும் கோடு. முக்கியமாக, எஞ்சினிலிருந்து சூடான கூலன்ட் நுழையும் பக்கம். பிளாஸ்டிக் அங்கேதான் முதலில் வெந்து பழுப்பேறி விரிசல் விடும்.
- கோரின் முன்புறம். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கல், பூச்சி, மண் சிக்கிய இடங்கள்.
- அடியில் உள்ள வடிகால் திருகு.
- வாட்டர் பம்ப். அதன் தண்டுக்கு அடியில் ஒரு சிறு துளை வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். அதில் உப்புக் கோடு தெரிந்தால் பம்ப் சீல் போய்விட்டது. அந்தத் துளையை அடைத்துவிட நினைக்காதீர்கள், பம்ப்பை மாற்ற வேண்டும்.
- தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கும் கூட்டின் கேஸ்கெட்.
- காருக்குள் ஹீட்டர் கோர், அதாவது சூடான கூலன்ட் ஓடி ஹீட்டர் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர். கால்மிதி காரணமின்றி நனைவதும், உள்கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படிவதும் இதன் அடையாளம்.

எந்த நேரத்தில் கசிகிறது என்பது பெரிய துப்பு. ஆறிய காலையில் மட்டும் சொட்டி, எஞ்சின் சூடானதும் நின்றால் தளர்ந்த கிளாம்ப் அல்லது இறுகிப்போன ரப்பர் என்று அர்த்தம். சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்கிறது. சூடான பிறகு மட்டும் கசிந்தால், அழுத்தம் ஏறினால் திறக்கும் விரிசல் அல்லது ஊசித்துளை.

கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் பிரஷர் டெஸ்டர் வேண்டும். கையால் அடிக்கும் பம்ப், ஒரு முள், மூடியின் இடத்தில் மாட்டும் அடாப்டர் என்று இருக்கும். ரேடியேட்டர் வேலை செய்யும் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். எஞ்சின் ஆறிய நிலையில், கழுத்து வரை நிரப்பி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். 10 முதல் 15 நிமிடம் முள் அசையாமல் நின்றால் வெளியே கசிவு இல்லை. இறங்கினால் டார்ச்சோடு சுற்றிப் பாருங்கள். எஞ்சின் ஓடாததால் ஃபேன் காற்றோ சூடோ இல்லாமல், கசியும் இடம் நிதானமாகத் தெரியும். மூடியையும் அதே பம்ப்பில் மாட்டிச் சோதிக்கலாம். பட்டறையில் இதைச் செய்யாமலே "மாத்தணும்" என்றால், இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

முள் இறங்குகிறது, வெளியே ஈரமே இல்லை என்றால் கூலன்ட் எஞ்சினுக்குள் போகிறது. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, மூடி திறந்த ரேடியேட்டரில் இடைவிடாத குமிழ், சைலன்சரில் அடங்காத வெண்புகை, டிப்ஸ்டிக்கில் பால் கலந்தது போன்ற ஆயில் ஆகியவை இதன் அறிகுறிகள். ரேடியேட்டர் கழுத்தில் நீல மருந்துக் குழாயை வைத்து உறிஞ்சும் சோதனை ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சினின் எரிபுகை கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இந்த நிலையில் ரேடியேட்டரைத் தொட்டுப் பயனில்லை.

சின்ன வேலையிலேயே தீர்பவை

ஹோஸ் கழுத்தில் கசிவு இருந்தால் கிளாம்ப்பை இன்னும் இறுக்கத்தான் கை போகும். திருகு கிளாம்ப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் கழுத்து விரிசல் விடும், அதோடு டேங்க் போய்விடும். ஹோஸை எடுத்து, கழுத்தில் படிந்த உப்பைத் துணியால் துடைத்து (கரடான உப்புத்தாள் வேண்டாம், பிளாஸ்டிக்கில் கோடு விழுந்தால் அதுவே கசிவு வழி), கழுத்தின் மேட்டைத் தாண்டி ஹோஸைச் செருகி, மேட்டுக்கும் ஹோஸின் முனைக்கும் நடுவில் கிளாம்ப்பை வையுங்கள். கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளாம்ப் இருந்தால் அதையே திரும்பப் போடுங்கள். சூட்டில் ரப்பர் விரிந்தாலும் சுருங்கினாலும் அது கூடவே நகர்ந்து ஒரே இறுக்கத்தைத் தரும். திருகு கிளாம்ப்புக்கு அந்தக் குணம் இல்லை.

ஹோஸ் வரவில்லை என்று ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பாதீர்கள். கையால் இடமும் வலமும் திருகுங்கள். அப்படியும் ஒட்டிக்கொண்டால் பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுவதே லாபம். அழுத்தினால் நொறுநொறுவென்று சத்தம் வரும் ஹோஸும், முனையில் ஊதிப்போன ஹோஸும் எப்படியும் மாற்ற வேண்டியவை.

வடிகால் திருகு கசிந்தால் அதன் ஓ-ரிங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் திருகு, கையிறுக்கம் போதும்.

நடுவழியில் உதவும் தற்காலிக வழிகள்

முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். வெந்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் கோணலாகும் அல்லது விரிசல் விடும், கேஸ்கெட் போகும். ஆறவிட்டு நிரப்பி, ஹோஸ் கசிவு என்றால் அந்த இடத்தைத் துடைத்து, ஒட்டும் தன்மையுள்ள சிலிகான் டேப்பை நன்றாக இழுத்து மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் சூட்டில் நழுவிவிடும்.

மூடியை முதல் நிறுத்தத்தில் தளர்வாக விட்டு ஓட்டினால் அழுத்தம் ஏறாமல் கசிவு மட்டுப்படும். ஆனால் கொதிநிலையும் கூடவே இறங்கிவிடும். அடுத்த ஊர்ப் பட்டறை வரை, ஏசி இல்லாமல், மெதுவாக, அடிக்கடி நிறுத்திப் பார்த்துப் போகத்தான் இது. மலையேற்றத்தில் இதைச் செய்யக் கூடாது.

மஞ்சள் தூளைப் போட்டால் ஓட்டை அடைபடும் என்பது நம் சாலைகளில் பழைய வழக்கம். சின்ன ஊசித்துளையில் தூள் ஊறி அடைப்பது உண்மைதான். அடுத்த கேள்வி, மீதித் தூள் எங்கே போகும் என்பது. அலுமினியக் கோரின் குழாய்கள் மிகத் தட்டையானவை, உள்ளிடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். தூள் சேறாகி அவற்றையும் ஹீட்டர் கோரையும் அடைக்கும். கடையில் விற்கும் லீக் ஸ்டாப் திரவமும் ஏறக்குறைய அப்படித்தான். வேறு வழியே இல்லாமல் போட்டிருந்தால், நிரந்தரப் பழுது பார்க்கும்போது முழு அமைப்பையும் கழுவியே ஆக வேண்டும்.

பிளாஸ்டிக் டேங்கில் மெல்லிய விரிசல் இருந்தால் இரண்டு உருண்டை கலந்து பிசையும் எம்-சீல் வகைப் பசை சில நாள் தாங்கும். கூலன்ட்டை விரிசலுக்குக் கீழே வடித்து, முழுதும் உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, விரிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. வரை படரும்படி அப்பி, பாக்கெட்டில் சொன்ன நேரம் முழுதும் காயவிடுங்கள். இது நிரந்தரம் ஆகாது. டேங்கின் நைலான் சூட்டில் விரிந்து சுருங்கும் அளவுக்குப் பசை கூட வராது, ஓரம் பெயரும்.

கோரில் ஒரே ஓர் ஊசித்துளை, கை எட்டும் இடத்தில் என்றால் கொஞ்சம் நீடித்து நிற்கும் வழி உண்டு. துளையைச் சுற்றி, குழாய்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய தகடுகளான ஃபின்களை மூக்குப் பிளேயரால் மெதுவாகப் பிய்த்து, குழாயைத் தெரியவிட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, 150 டிகிரிக்கு மேல் தாங்கும் உலோக எபாக்சியைப் பூசி 24 மணி நேரம் விடுங்கள். ஒன்றுக்கு மேல் துளை இருந்தால் இந்த உழைப்பு வீண். உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம், அடுத்த துளை பக்கத்திலேயே வரும்.

டேங்க் கேஸ்கெட் மாற்றுவதா, புது ரேடியேட்டரா?

டேங்கும் கோரும் சேரும் கோட்டில் மட்டும் கசிந்து, கோர் நன்றாக இருந்தால் ரேடியேட்டர் ஒர்க்ஸில் கேஸ்கெட் மட்டும் மாற்றித் தருவார்கள். பற்களை நிமிர்த்தி, டேங்கை எடுத்து, பள்ளத்தைச் சுத்தம் செய்து, புது ரப்பர் வைத்து, பிரஸ்ஸில் அழுத்திப் பிடித்தபடி பற்களைத் திரும்ப மடக்குவார்கள். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். டேங்க் வெளியே வரும் அளவுக்கு மட்டுமே பற்களைத் திறக்க வேண்டும். முழுதாக நிமிர்த்தி மடக்கினால் அலுமினியம் களைத்து ஒடியும். அதனால் ஏற்கெனவே ஒருமுறை திறந்து மடக்கிய ரேடியேட்டரை மறுபடி திறப்பது நல்லதல்ல. இரண்டாவது, கேஸ்கெட்டுக்குப் பதிலாக வெறும் சிலிகான் பேஸ்ட் தடவி மூடச் சம்மதிக்காதீர்கள். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்து குழாய்களில் சிக்கும்.

வேலை முடிந்ததும் ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்து, மூடியின் எண்ணுக்கு இணையான காற்றழுத்தம் கொடுத்து, குமிழ் வரவில்லை என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள்.

ஃபின்கள் தொட்டால் பொடியாக உதிர்வது, ஒன்றுக்கு மேற்பட்ட ஊசித்துளை, பிளாஸ்டிக் டேங்கே விரிசல் விட்டது, முன்பக்கம் இடித்துக் கோர் வளைந்தது ஆகிய நிலைகளில் புதியதுதான். அலுமினியத்தை கேஸ் வெல்டிங் வைத்து ஒட்டித் தருவதாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். குழாய்ச் சுவர் மிக மெல்லியது, ஓட்டை பெரிதாகும். பக்கத்தில் இருக்கும் நைலான் டேங்க் சுமார் 260 டிகிரியில் உருகிவிடும்.

பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டர்

இவை ஈயம் பற்றவைத்துச் செய்தவை. அதனால் மீண்டும் பற்றவைக்கலாம். கசிந்த இடத்தைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, பற்றுத் திரவம் தடவி, ஈயம் ஓடவிடுவார்கள். மேல் டேங்கைக் கழற்றி, தட்டையான கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு உப்புக் கட்டியைக் குத்தி எடுத்துவிட்டு மறுபடி மூடும் வேலையும் உண்டு. போர் தண்ணீரிலேயே ஓடிய வண்டி சூடானால், புதியது தேடுமுன் இதைச் செய்து பாருங்கள். கைதேர்ந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள், ஆனால் பெரிய ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். பற்றவைத்த பிறகு பற்றுத் திரவத்தின் அமிலம் தங்காதபடி நன்றாகக் கழுவ வேண்டும். தங்கினால் அந்த இடமே மறுபடி அரிக்கும்.

புது ரேடியேட்டர் மாட்டுவது

10, 12 நம்பர் ஸ்பேனரும் சாக்கெட்டும், பிளேயர், ஸ்க்ரூடிரைவர், 8 லிட்டர் கொள்ளும் தட்டு, புது மூடி, தேவையென்றால் புது ஹோஸ்கள், அதோடு அரை நாள் வேண்டும். சில கார்களில் முன் பம்பரைக் கழற்றினால்தான் வழி கிடைக்கும்.

புதியதை வாங்கியதும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஹோஸ் கழுத்துகளின் விட்டமும் திசையும், ஃபேன் மாட்டும் துளைகள், அடியில் உள்ள முளைகள் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். மேனுவல் கியர் காரின் ரேடியேட்டரும் ஆட்டோமேடிக் காரின் ரேடியேட்டரும் ஒரே மாடலிலேயே வேறாக இருக்கலாம்.

1. எஞ்சின் ஆறியதும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மூடியைத் திறந்து வையுங்கள், அப்போதுதான் கூலன்ட் தடையின்றி வடியும்.

2. வடிகால் திருகைத் திறந்து வடியுங்கள். திருகு இறுகியிருந்தால் போராடி உடைக்க வேண்டாம், கீழ் ஹோஸைக் கழற்றினால் போதும். வடிந்ததை அளந்து வையுங்கள், நிரப்பும்போது இந்த அளவு தேவைப்படும்.

3. மேல் ஹோஸ், ரிசர்வ் டேங்குக்குப் போகும் சிறு குழாய், கீழ் ஹோஸ் என்ற வரிசையில் எடுங்கள். ஆட்டோமேடிக் காரில் கியர் ஆயில் குழாய்கள் ரேடியேட்டருக்குள் போனால், எடுத்த உடனே முனைகளை அடைத்துவிடுங்கள்.

4. ஃபேன் மோட்டாரின் கனெக்டரைப் பிரித்து, ஃபேனை அதன் சட்டத்தோடு சேர்த்தே கழற்றி மேலே எடுங்கள். கோரில் உரசாதபடி நடுவில் ஓர் அட்டையை நுழைத்துக்கொள்ளுங்கள்.

5. முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சர் ரேடியேட்டரோடு கிளிப்பிலோ போல்ட்டிலோ இணைந்திருக்கும். இணைப்பை மட்டும் விடுவித்து, கண்டென்சரைக் கயிற்றால் சட்டத்தில் கட்டி நிறுத்துங்கள். அதன் கேஸ் குழாய்களை எக்காரணத்துக்கும் தளர்த்த வேண்டாம்.

6. மேல் பிராக்கெட்டுகளை எடுத்து ரேடியேட்டரை நேராக மேலே தூக்குங்கள். அடி ரப்பர்கள் அதோடு ஒட்டிக்கொண்டு வந்து விழும், எடுத்து வையுங்கள். ரப்பர் நைந்திருந்தால் புதியது போடுங்கள். ரப்பர் இல்லாமல் உட்காரும் ரேடியேட்டர் எஞ்சின் அதிர்வை நேராக வாங்கி, சீக்கிரமே ஓரம் விரிசல் விடும்.

7. கண்டென்சரின் பின்பக்கத்தில் ஒட்டிய பூச்சியையும் மண்ணையும் மென்மையான தண்ணீர் வீச்சில் கழுவுங்கள். இந்த இடம் மறுபடி எளிதில் கிடைக்காது.

8. புதியதை அடி முளைகள் ரப்பரில் உட்காரும்படி இறக்கி, எல்லாவற்றையும் எதிர் வரிசையில் மாட்டுங்கள். கழுத்துகளில் கம்பெனி செருகிய பிளாஸ்டிக் மூடிகளை எடுத்துவிட்டோமா, வடிகால் திருகு மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கூலன்ட் நிரப்புவதும் காற்று எடுப்பதும்

போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம். நம் ஊர்களில் ரேடியேட்டரைக் கொல்வது பெரும்பாலும் அதுதான். அதன் சுண்ணாம்பு சூடான சுவர்களில் படிந்து குழாயை அடைக்கிறது, உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு அல்லது டிஎம் (தாது உப்பு நீக்கிய) தண்ணீர் போதும். "இங்கே உறைபனியா விழுது, கூலன்ட் எதுக்கு?" என்ற கேள்விக்குப் பதில், கூலன்ட்டில் உள்ள அரிப்புத் தடுப்பு மருந்தும் பம்ப் சீலுக்குத் தேவையான வழுவழுப்பும். கொதிநிலை உயர்வு அதோடு சேர்ந்து கிடைக்கிறது.

நிறத்தை வைத்துக் கூலன்ட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி கிடையாது. கார் கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு. வேறு வகைகளைக் கலந்தால் சில சமயம் கூழாகத் திரியும். டப்பா அப்படியே ஊற்றும் வகையா, தண்ணீர் சேர்க்கும் வகையா என்று படியுங்கள். சேர்க்கும் விகிதம் டப்பாவுக்கு டப்பா மாறும்.

பழைய கூலன்ட் பழுப்பாக, சேறாக இருந்தால் டிஎம் தண்ணீர் நிரப்பி, எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி, ஆறவிட்டு வடித்து, தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். இங்கே பலர் கணக்கில் தவறுகிறார்கள். வடிக்கும்போது எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் இருப்பது முழுதாக வராது. கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வடிந்தது 3 லிட்டர் என்றால் 2 லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளே நிற்கிறது. 1:1 விகிதம் வேண்டுமென்றால் கலக்காத கூலன்ட் இரண்டரை லிட்டர், டிஎம் தண்ணீர் அரை லிட்டர் ஊற்ற வேண்டும். கலந்தே வைத்த கூலன்ட்டை 3 லிட்டர் ஊற்றினால் அது உள்ளிருக்கும் தண்ணீரோடு சேர்ந்து நீர்த்துவிடும்.

காரின் முகம் சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெல்லிய ஓட்டமாக ஊற்றுங்கள். காற்று எடுக்கும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழில்லாமல் கூலன்ட் வந்ததும் மூடுங்கள். பேட்டரியை இணைத்து, மூடியைத் திறந்தபடியே, ஏசி போடாமல் எஞ்சினை ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக் கொடுத்தால் காற்று குமிழாக வரும். தெர்மோஸ்டாட் திறந்ததும், பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள், மட்டம் சட்டென்று இறங்கும். அதை நிரப்பி மூடியைப் போடுங்கள். ஃபேன் தானாக இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். இரண்டு ஹோஸும் சூடாகி, ஹீட்டரில் தொடர்ந்து சூடான காற்று வந்தால் காற்று போய்விட்டது. ஹீட்டர் ஒருமுறை சூடாகவும் ஒருமுறை குளிர்ச்சியாகவும் ஊதினால் உள்ளே இன்னும் காற்று சிக்கியிருக்கிறது. ஏசி போட்டால் ஃபேன் எப்படியும் ஓடும் என்பதால், ஃபேன் சுவிட்சின் வேலையைச் சோதிக்க ஏசி அணைந்திருப்பது அவசியம்.

மாட்டிய பிறகும் போனால்

புது ரேடியேட்டர் ஓரிரு வருடத்திலேயே உள்ளிருந்து துளை விட்டால் மின்கசிவைச் சோதியுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, நெகட்டிவ் முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் பாசிட்டிவ் முனையை உலோகத்தில் படாமல் கூலன்ட்டிலும் வைத்து, எஞ்சின் ஓட, விளக்குகளும் ஏசி ஃபேனும் எரிய, அளவு பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் இணைப்பு சரியில்லை, மின்சாரம் கூலன்ட் வழியாகத் திரும்புகிறது. அல்லது கூலன்ட் அமிலமாகிவிட்டது. கூலன்ட்டை மாற்றிய பிறகும் காட்டினால் எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் கேபிள்களைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். வெளியே போட்ட ஹாரன், கூடுதல் விளக்குகளின் எர்த் ரேடியேட்டர் சட்டத்தில் திருகப்பட்டிருந்தால் இடம் மாற்றுங்கள்.

முதல் ஓட்டம் 10, 15 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு, கடைசிக் காற்றும் வெளியேறிய இடம் அது. நிரப்பிவிட்டு, ரிசர்வ் டேங்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் மட்டத்தை வைத்து மார்க்கரால் கோடு போடுங்கள். ஒரு வாரத்தில் அந்தக் கோடு மாறாவிட்டால், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவது போன்ற சோதனைக்கு வண்டியைத் தரலாம். இரண்டாம் கியரில் நீண்ட ஏற்றம் ஏறும்போதுதான் பலவீனமான மூடியும் பாதி அடைத்த கோரும் தங்களைக் காட்டிக்கொடுக்கும்.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில் அடைத்து, விஷம் என்று எழுதி, பழைய ஆயிலை முறையாகச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.